ஊமைக் கம்பவுண்டராக இருந்த பன்னிரண்டு நாட்கள்

போன மாதம் எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. சர்க்கார் விதிப்படி அன்றிலிருந்து நான் கிழவன். வழியனுப்பு விழாவில் ஒரு ரோஜா மாலையும் ஒரு பொட்டலம் காராபூந்தியும் கிடைத்தன. மாலையில் எறும்பு இருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டே நான் நன்றி சொன்னேன். பெரியவர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்து நர்ஸுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்ததும் புதிதாக வந்திருக்கும் கம்பவுண்டர்கள் இரண்டு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், எல்லா வார்டுக்கும் செருப்போடதான் போறீங்க. கண் வார்டு வாசல்ல மட்டும் கழட்டிப் போட்டுட்டுப் போறீங்களே, வேண்டுதலா?"

"வேண்டுதல்தான். ஆனா வேண்டிக்கிட்டது நான் இல்லை" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னால் பூந்தி நமுத்துப்போகும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுத வேறொரு காரணமும் உண்டு. அன்று காலையில்தான் கண் வார்டில் இருந்த மணல் மூட்டைகளை வெளியே எடுத்துக் குரோட்டன்ஸ் செடிகளுக்கு அணை கட்டியிருந்தார்கள். விழித்திரை பிரிந்தவர்களை நாள்கணக்கில் அசையாமல் படுக்கவைக்கும் வழக்கம் இப்போது குறைந்துவருகிறது, சீக்கிரம் அறுவை செய்து சீக்கிரம் உட்காரவைக்கிறார்கள் என்றார் புது டாக்டர். நல்லதுதான். ஆனால் செடியடியில் கிடந்த அந்த மூட்டைகளைப் பார்த்ததும் குனிந்து அவற்றின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். அவற்றில் இரண்டு, ஒரு காலத்தில் என் மகன் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருவாடானைக்குப் பக்கத்துக் கிராமம். விவசாயக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததால் ஏருக்கு லாயக்கில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். மதுரையில் கம்பவுண்டர் படிப்பு. அங்கே மருந்து கலக்கவும், கலக்கிய மருந்தை மேலே சிந்திக்கொள்ளாமல் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. வந்த சில வருடங்களிலேயே கண் வார்டில் போட்டார்கள். கடைசிவரை அங்கேயேதான்.

கண் வார்டுக்கு டாக்டரம்மா வந்தது சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் கழித்து. ஐந்தடிக்கும் குறைவான உயரம். அறுவை மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். மணையைப் போடுவது என் வேலை. ஆடாமல் இருக்க அதன் ஒரு மூலையில் மடித்த காகிதத்தை வைக்க வேண்டும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கோபம் வரவர மரியாதை கூடும். "கொஞ்சம் அந்தத் தட்டை எடுங்க" என்றால் சாதாரணமாக இருக்கிறார் என்று அர்த்தம். "தயவுசெய்து அந்தத் தட்டை எடுங்க" என்றால் ஆயா முதல் நர்ஸ் வரை எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள்.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மா பெயர்கூடக் கேட்க மாட்டார். முதல் கேள்வி, "எத்தனை நாளாச்சு?" வந்த பதிலைச் சீட்டின் உச்சியில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் எழுதுவார். பிறகுதான் பெயர், ஊர் எல்லாம்.

நம் ஆட்கள் யார் நாளை எண்ணி வைத்திருக்கிறார்கள்?

"எத்தனை நாளாச்சுங்க?"

"அது ஆச்சும்மா. நம்ம செவலப் பசு கன்னு போட்டுச்சுல்ல, அதுக்கு மறுநா."

"அந்தப் பசு எப்ப கன்னு போட்டுச்சு?"

"எம் மச்சினன் சண்டை போட்டுட்டுப் போனான்ல, அன்னைக்குத்தான்."

இந்த இடத்தில் டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சட்டைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுப்பேன். மச்சினன் போனது அமாவாசைக்கு முன்னா பின்னா, அன்றைக்கு வீட்டில் கறியா மீனா, மழை பெய்ததா என்று கேட்டுக்கேட்டு நாளைப் பிடித்துவிடுவேன். இதில் எனக்கு ஊரளவில் ஒரு பெயரே இருந்தது. என்னிடம் யாரும் நாளை மறைக்க முடியாது என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைக்குக் கிடைத்ததைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கிராமத்து ஆட்களுக்கு நான் சினிமா சுவரொட்டியை வைத்துச் சொல்வேன். கண்ணுக்குள்ளே பின்சுவரில் விழித்திரை ஒரு சுவரொட்டி மாதிரி ஒட்டியிருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் சின்னக் கிழிசல் விழுகிறது. கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே பின்னால் இறங்குகிறது. மழையில் நனைந்த சுவரொட்டி போல் திரை உரிந்துகொண்டே வரும். மூலை மட்டும் உரிந்திருக்கும்போது பசை போட்டு அழுத்திவிட்டால் ஒன்றும் தெரியாது. நடுவில் கதாநாயகனின் முகம் இருக்கிறதே, அதுவும் உரிந்துவிட்டால்? திரும்ப ஒட்டலாம். ஆனால் மூக்கு சுருங்கித்தான் ஒட்டும். விழித்திரையின் நடுப்புள்ளிதான் அந்த முகம். எழுத்தைப் படிப்பதும், ஆளை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதனால்தான். அது உரிவதற்குள் அறுவை நடந்தால் பார்வை ஏறக்குறைய முழுசாகத் தங்கும். உரிந்த பிறகு நடந்தால், எவ்வளவு திரும்பும் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. நாள் கூடக் கூடத் திரும்புவது குறையும்.

இதைக் கேட்டுவிட்டு ஒருவர், "கதாநாயகி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார். அவர் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இனி என் மகன் கதைக்கு வருகிறேன்.

அவன் பெயர் ஆதிரெத்தினம். அப்போது இருபத்திரண்டு வயது. தேவிபட்டினத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எட்டு வயதில் கிட்டிப்புள் பட்டு வலது கண் போனது. இருப்பது இடது கண் ஒன்றுதான். அதற்கும் சோடா பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி. அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை பிரியும் வாய்ப்பு அதிகம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன?

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அய்யாவிடம் மகன் நேரே பேசமாட்டான். அய்யா வந்தால் எழுந்து நிற்பான். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வான், அம்மா நேரம் பார்த்து அய்யாவிடம் சொல்வாள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் அய்யாவிடம் நான் நேரடியாகப் பேசியது ஆயுளில் ஏழெட்டு வாக்கியம் இருக்கும். அதில் மூன்று, "மாடு அவுந்துருச்சு."

முதலில் அவன் கண்முன் கறுப்பாகக் கொசுக்கள் பறந்திருக்கின்றன. வகுப்பில் கையை வீசி விரட்டியிருக்கிறான். வாத்தியார் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் முன்வரிசைப் பையன் எழுந்து நின்று வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறான். இரண்டு நாளில் பதினாறாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டானாம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கீழேயிருந்து கறுப்பாகத் திரை ஒன்று ஏறியது. தன் கால் தனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவன் நேரே கோழிமேல் மிதித்தான். "பாத்து நடய்யா" என்று என் மனைவி சினேகவல்லி கோழியைத் தூக்கித் தடவிக்கொடுத்தாள். அப்போதுதான் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் எனக்குச் சொன்னது திங்கட்கிழமை சாயங்காலம்.

நடுவில் என்ன ஆயிற்று என்று பிறகு விசாரித்தேன். வெள்ளிக்கிழமை குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நான் கத்தியிருக்கிறேன், அதனால் சொல்லவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்போடு படபடப்பு ஆகாது என்று விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, ஆசையாகச் சாப்பிடுகிற மனுசனிடம் எதற்கு என்று விட்டாள். திங்கட்கிழமை நான் வேலையிலிருந்து வந்து, பத்து நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு வந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லி, "அறிவிருக்கா இவனுகளுக்கு? வீட்டுல ஒரு ஆளுக்குக்கூடவா மூளை இல்ல?" என்று திட்டியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றியவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நம்ம ஆதிக்கும் அப்புடித்தான் என்னமோ கீழருந்து திரை ஏறுதாம்."

தட்டில் கையை வைத்தபடி நான் கேட்டேன், "எத்தனை நாளாச்சு?"

"உப்பு கூடிப்போச்சுல்ல, அன்னைக்கு."

பஞ்சாங்கம் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா அவன் கண்ணில் மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் இருட்டறையில் வைத்துப் பார்த்தார். நெற்றியில் கண்ணாடி, கையில் லென்ஸ். முக்கால் மணி நேரம். பார்த்ததைக் காகிதத்தில் வரைந்தார். ஒட்டியிருக்கும் திரைக்குச் சிவப்புப் பென்சில், உரிந்ததற்கு நீலம். லென்ஸில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பதால் படத்தையும் தலைகீழாகவே வரைவார், பிறகு திருப்பி வைப்பார். மேல்பக்கத்தில் குதிரை லாடம் போல் ஒரு கிழிசல். அதிலிருந்து நீலம் இறங்கிக்கொண்டே வந்து, நடுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"நடு இன்னும் ஒட்டியிருக்கு. கிழிசல் மேல்பக்கம். எழுந்து உட்கார்ந்தா நீர் கீழே இறங்கும், நடுவை உரிச்சிரும். படுத்தே இருந்தா நிக்கும். மின்சாரத்தால் சுடுற மெஷின் மதுரையிலேருந்து வெள்ளிக்கிழமை வருது. அதுவரைக்கும் தலையை அசைக்கக் கூடாது" என்றார். பிறகு சீட்டின் உச்சியில் வட்டத்துக்குள் நாலு என்று எழுதினார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

கட்டிலின் கால்பக்கத்துக்கு இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தினோம். இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. இருமக்கூடாது, தும்மக்கூடாது, முறுக்கு கடிக்கக்கூடாது. எல்லாம் சொல்லிப் படுக்கவைத்துவிட்டு நான் மருந்தறைக்குப் போய்ச் சொட்டு மருந்துத் தட்டோடு திரும்பி வந்தேன். என் செருப்புக்கு ஒரு சத்தம் உண்டு. கறுக், கறுக் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

அந்தச் சத்தம் வார்டு வாசலில் கேட்டதுதான் தாமதம், இரண்டு கண்ணும் கட்டியிருந்த என் மகன் மணல் மூட்டைகளைத் தள்ளிவிட்டு விறைப்பாக எழுந்து நின்றான். வேட்டியைக்கூட இறக்கிவிட்டுக்கொண்டான்.

"படுங்க!" என்று நர்ஸ் அலறினார். பின்னாலேயே டாக்டரம்மா.

"யார் வந்தது?"

"நான்தாம்மா."

"நீங்க அவருக்கு யாரு?"

"அப்பன்."

"எப்பவும் இப்படித்தான் எந்திரிப்பாரா?"

"நடக்கப் பழகுன நாள்லருந்தும்மா."

அவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "இனிமே அவர் காதுல உங்க செருப்பும் கேக்கக்கூடாது, உங்க குரலும் கேக்கக்கூடாது. தயவுசெய்து."

அந்தத் தயவுசெய்துவோடு நான் ஊமையானேன்.

ஆனால் வேலை? மற்ற எட்டு நோயாளிகளுக்கு யார் மருந்து விடுவது? செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பூனை போல் உள்ளே போனேன். பேசக்கூடாது என்பதால் சைகையில் சொல்லிப் பார்த்தேன். எதிரே படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கண் கட்டியிருப்பவர்கள். ஆகாயத்தைப் பார்த்துப் படுத்திருந்த எட்டுப் பேருக்கு முன்னால் நின்று நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏர்வாடிப் பக்கத்தில் ஏர் உழும் சம்சாரி ஒருவர், கருப்பையா என்று பெயர், புரை அறுவை முடிந்து படுத்திருந்தார். வேலி தாண்டிக் கேட்கும் குரல். சத்தமில்லாமல் ஒரு கை வந்து தன் இமையைப் பிரித்ததும் அவர் கூவினார்.

"ஏலே, யார்ரா அது? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லிட்டுத் தொடுறா!"

நான் என்ன சொல்வது? என் மகன் மூன்றடி தள்ளிப் படுத்திருக்கிறான். டாக்டரம்மாதான் வந்து முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார், "கோவப்படாதீங்க. புதுசா ஒரு கம்பவுண்டர் வந்திருக்காரு. நல்லவரு. பிறவி ஊமை."

வார்டு முழுக்க ஒரே பரிதாபம். கருப்பையா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அட பாவமே. தெரியாமத் திட்டிப்புட்டேன் தம்பி. காதாச்சும் கேக்குமா ஒனக்கு?" அவர் கையில் ஒரு தட்டு தட்டினேன். "கேக்குதாம்!" என்று எல்லோருக்கும் அறிவித்தார். "கவலப்படாதடா. எங் கண்ணு தெளிஞ்சு போகயில ஏர்வாடி தர்காவுல சக்கர வச்சு ஓதுறேன்னு ஒனக்காக இப்பவே நேந்துக்கிறேன். பேச்சு வந்துரும்."

நன்றி சொல்ல வழியில்லாமல் மறுபடி ஒரு தட்டு தட்டினேன்.

புதன்கிழமை ஆதியின் தாய்மாமன் வந்தார். திருவாடானையிலிருந்து பஸ்ஸில், இரண்டு ரொட்டி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. அவர் மகளைத்தான் ஆதிக்குக் கேட்டிருந்தோம். என் மைத்துனருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நான் வாசலிலேயே மறித்து, கையெடுத்துக் கும்பிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

"என்ன மச்சான், பல்லு வலியா?" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போய், "ஏ மாப்ளே!" என்றார்.

சினேகவல்லி மகனின் நெற்றியைப் பிடித்து அழுத்தினாள். "மாமா வந்தாலும் மந்திரி வந்தாலும் எந்திரிக்கப்படாதுன்னேன்ல!" ஆனாலும் வருங்கால மாமனார் அல்லவா? அரை எழும்பல் எழும்பிவிட்டான். தோள் வரை வந்து, தாயின் கைக்கு அடங்கித் திரும்ப விழுந்தான். அந்தப் பக்கத்து மூட்டை உருண்டு கருப்பையாவின் கட்டிலுக்கு அடியில் போனது.

வியாழக்கிழமை காலை. டாக்டரம்மா தினமும் கட்டைப் பிரித்து, படுத்திருப்பவன் முகத்துக்கு நேரே குனிந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "என் மூக்கு நேரா இருக்கா?" புதன் வரைக்கும் நேராகத்தான் இருந்தது. அன்று ஆதி கொஞ்சம் தயங்கினான்.

"லேசா... கோணலா இருக்கும்மா."

கதவுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றிருந்த எனக்கு அது போதும். உரிசல் சுவரொட்டியின் முகத்தைத் தொட்டுவிட்டது.

டாக்டரம்மா இருட்டறையில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "நீர் நடுப்புள்ளி ஓரத்துல நுழையுது. மெஷின் வரும். ஆனா அது வர்ற வரைக்கும் நடு நிக்காது. பழைய சூட்டூசியை எடுங்க. இன்னைக்குப் பண்ணிரலாம்."

சூட்டூசி என்பது மரப்பிடி போட்ட கம்பி. நுனியில் பட்டாணி அளவில் ஒரு செம்பு உருண்டை, அதிலிருந்து ஊசிபோல் ஒரு முனை. மெஷின்கள் வருவதற்கு முந்திய சாமான்; சுட்ட இடம் தழும்பாகிக் கிழிசலை ஒட்டவைக்கும். அதைச் சூடு பார்த்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் ஆஸ்பத்திரியிலேயே நான் ஒருவன்தான்.

"பெத்தவர் கை. நடுங்குமா?" என்று கேட்டார்.

"நடுங்காதும்மா." பொய்.

"வாயைத் திறக்கக் கூடாது. மயக்கம் கொடுக்கப் போறதில்லை, ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறதுதான். உங்க குரல் கேட்டு மேஜைமேல எழுந்து நின்னாருன்னா அவ்வளவுதான்."

மணையைப் போட்டேன். மடித்த காகிதத்தை வைத்தேன். ஆதியின் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் துணியால் மூடியாயிற்று. டாக்டரம்மா வெண்படலத்தைப் பிரித்து, கண்ணின் தசை ஒன்றில் நூல் கோத்து, விழியைக் கீழே திருப்பினார். கருவிழி ஓரத்திலிருந்து காம்பஸால் மூன்று தடவை அளந்தார். படத்தைப் பார்த்தார். நான்காவது தடவையும் அளந்தார். கிழிசலுக்கு நேர் வெளியே நீலச் சாயத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

வழக்கமாகச் சூடு பதத்துக்கு வந்ததும் நான் "சூடு" என்று குரல் கொடுப்பேன். அன்று தட்டின் விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு. ஸ்பிரிட் விளக்கில் முனை கருஞ்சிவப்பாக வர வேண்டும். வெளிறிச் சிவந்தால் எரித்துவிடும், கறுத்தால் ஒட்டிக்கொள்ளும். விளக்கிலிருந்து அவர் கைக்கு மூன்று எண்ணுவதற்குள் போக வேண்டும்.

முதல் சூடு வைத்தாயிற்று. இரண்டாவதற்குக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தூரிகைபோல் சுற்றிய பஞ்சால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். துணிக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"கம்பவுண்டர் அண்ணே. தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஊமையண்ணன்தான?"

நான் ஒரு தட்டு தட்டினேன்.

"ஒங்களுக்குப் பேச வராதுன்னுதான் ஒங்ககிட்டச் சொல்றேன். எங்கய்யா இங்கனதான் வேலை பாக்குறாக. எத்தன பேருக்கு நாள் கேட்டு அனுப்பியிருக்காக. கண்ணு வார்டுக்காரு மகன் குருடாப் போனான்னு நாலு பேரு சொன்னா அவுக தாங்கமாட்டாக. எனக்குக் கண்ணு போனாக்கூடப் பரவால்லண்ணே. அவுகளுக்கு அசிங்கமாப் போயிருமேன்னுதான் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமையே சொல்லத்தான் போனேன். உப்பு கூடுனதுக்குக் கத்திக்கிட்டிருந்தாக. வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

டாக்டரம்மா கையை நீட்டினார். நான் ஊசியைக் கொடுத்தேன்.

"சூடு பத்தலை" என்றார் அவர், ஊசியைத் திருப்பிக் கொடுத்து. மூன்று எண்ண வேண்டிய நான் எத்தனை எண்ணினேனோ தெரியாது. முனை கறுத்துப்போயிருந்தது. மறுபடி விளக்கில் காட்டினேன். முனை சிவந்ததா என்று பார்க்கத்தான் முடியவில்லை, கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. நர்ஸ் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். கருஞ்சிவப்பு. தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாகப் போய்ச் சேர்ந்தது.

முனை உள்ளே போய் வந்ததும், வெளிறிய தேன் நிறத்தில் நீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. திரைக்குப் பின்னால் தேங்கியிருந்த நீர். டாக்டரம்மா கண்ணாடியும் லென்ஸுமாக உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். மணைக்கட்டை ஒருமுறைகூட ஆடவில்லை.

"ஒட்டுது" என்றார் கடைசியில்.

மதுரை மெஷின் வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை மரப்பெட்டியில், மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அதன் பிளக் எங்கள் சுவரில் நுழையவில்லை. சரியான பிளக் கிடைக்க இன்னும் ஒரு வாரமாயிற்று. அந்த ஒரு வாரமும் அந்த மெஷினைக் கடந்து போகும்போதெல்லாம் இதற்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டே போவேன்.

அறுவைக்குப் பிறகும் மணல் மூட்டை, கட்டு, ஊமை எல்லாம் தொடர்ந்தன. நடுவில் கட்டு மாற்றியபோதும் அவனிடம் டாக்டரம்மா எதையும் பார்க்கச் சொல்லவில்லை. நான் மகன் தலைமாட்டில் நின்று அவன் மூச்சை எண்ணிவிட்டு வருவேன். அவன் ஊமையண்ணனிடம் நிறையப் பேசினான். அந்தச் சில நாட்களில்தான், என் மகனுக்குப் பாகற்காய் பிடிக்காது, மாமன் மகளைப் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் சோடாபுட்டி என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு தட்டினேன்.

புதுக் கம்பவுண்டர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நோயாளியிடம் நாளைக் கேளுங்கள். அதோடு, அந்த நாட்களில் வீட்டில் யாரிடம் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது என்றும் கேளுங்கள். பாதி நாட்கள் அங்கேதான் போகின்றன.

ஆதி இப்போது அதே பள்ளியில் பெரிய வாத்தியார். மாமன் மகளைத்தான் கட்டினான், இரண்டு பிள்ளைகள். கோடு போட்ட நோட்டில் ஒரு இடத்தில் மட்டும் கோடு லேசாக நெளிந்து தெரிகிறது என்பான். அது அந்த நாலு நாளின் நெளிவு. இன்றும் அவன் வீட்டுக்குப் போனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "என் மூக்கு நேரா இருக்கா?" காப்பி குடிப்பதற்குள் இரண்டு தடவை கேட்பேன். மருமகள் உள்ளே போய்ச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

கட்டைப் பிரித்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அறுவை நடந்த பத்தாம் நாள், சனிக்கிழமை காலை. நான் பக்கத்துக் கட்டிலில், கண் வீக்கம் வடியாமல் இன்னும் தங்கியிருந்த கருப்பையாவின் இமையைப் பிரித்துப் பிடித்து மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஆதியின் கட்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிவிட்டுக் குனிந்தார்.

"என் மூக்கு?"

"நேரா இருக்கும்மா. நுனியில மட்டும் லேசா ஒரு நெளிவு."

"அது இருக்கும். கால் தெரியுதா?"

"தெரியுதும்மா. ரெண்டும் தெரியுது."

பிறகு அவன் பார்வையைத் திருப்பினான். மூன்றடி தூரத்தில், வெறுங்காலோடு, கையில் சொட்டு மருந்துக் குழாயோடு நான். ஊமையண்ணன் நின்றிருக்க வேண்டிய இடம் அது. அவன் என்னையே பார்த்தான். என் காலைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான். பாகற்காய் முதல் மாமன் மகள் வரை எல்லாம் அவன் நினைவில் வரிசையாக வந்துபோனது எனக்கே தெரிந்தது. அவன் முழங்கை மெத்தையில் ஊன்றியது. தோள் லேசாக எழும்பியது.

எனக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் அவன் நிறுத்திக்கொண்டான். மெல்ல முழங்கையை எடுத்து, தலையைத் தலையணையில் வைத்தான். "அய்யா, எந்திரிக்கல. கோவிச்சுக்காதீக" என்றான்.

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அவன் நேரே பேசிய முதல் பேச்சு. எனக்கு இத்தனை காலத்தில் எவ்வளவோ பேர் எழுந்து நின்றிருக்கிறார்கள், போன மாதம் ஆஸ்பத்திரியே எழுந்து நின்றது. அவன் அன்று எழுந்திருக்காததுபோல் ஒன்று எனக்கு யாரும் செய்ததில்லை.

பன்னிரண்டு நாள் பூட்டிய வாய் தானாகத் திறந்தது.

"அப்புடியே படுத்துக்கய்யா."

என் விரலுக்கு அடியில் கருப்பையாவின் இமை துடித்தது. அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வார்டே அதிரக் கூவினார்:

"ஏ டாக்டரம்மா! ஓடியாங்க! ஊமை பேசிட்டான்! நேந்துக்கிட்டது வீணாப் போகலத்தா. நான் இன்னும் ஏர்வாடிக்குப் போகவே இல்ல, அதுக்குள்ள பேசிட்டான்!"